ஒரு ‘ஆங்’ படுத்திய பாடு

அத்தியாயம் 11

நிர்மலாவைக் கைப்பையும் கண்ணீருமாக நடுக்கூடத்தில் நிற்க வைத்துவிட்டுப் போன வாரம் நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன் என்று நாலைந்து வாசகிகள் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். நியாயமான கோபம்தான். ஐம்பத்து நாலு வயதுப் பெண்மணியை ஒரு வாரம் நிற்க வைத்தால் முட்டி என்னத்துக்கு ஆகும்?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். திருத்தணி மலையடிவாரத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் அசோக்குமாரின் மனைவி நிர்மலா. ஒரே மகள் சௌமியா, சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கிறாள். அவளுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. பிரசவ விடுப்பு முடிந்து வருகிற திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நிர்மலா ஒரு வருஷம் மகள் வீட்டோடு போய் இருப்பதாக ஏற்பாடு. துணிமணி வைத்த பெரிய பெட்டியை மருமகன் வளவன் போன வாரமே காரில் கொண்டுபோய்விட்டார். இன்று சனிக்கிழமை, அவள் கிளம்ப வேண்டிய நாள்.

பேத்தியைப் பார்த்துக்கொள்வதில் நிர்மலாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளுடைய வருத்தமெல்லாம் வேறு. முப்பத்தொரு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணிய மனுஷன் ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘நீ இல்லாமல் நான் என்ன செய்வேன்’ என்று பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

அவள் கேட்காமல் முடிவெடுக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கடைக்கே போய்க் கேட்டாள். தைக் கிருத்திகை ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. அசோக்குமார் குனிந்து கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.

“பாவா, சௌமி கூப்ட்டுகினே இருக்குறா. ஒரு வருஷம் அவ வூட்ல போயி இருந்துட்டு வரட்டுமா?”

“ஆங்” என்றார் அசோக்குமார். கையிலிருந்த கட்டரை நிறுத்தக்கூட இல்லை.

தெற்கத்தி வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் ‘ஆங்’ என்றால் ஆமாம். சரி என்றும் வைத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ‘என்ன சொன்னே?’ என்று ஆகிவிடும். நிர்மலா அதைச் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டாள். கடைப்படியை விட்டு இறங்கும்போதே மகளுக்கு போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் உர்ரென்றே இருக்கிறார்கள்.

இனி, நடுக்கூடத்துக்கு வருவோம்.

★

பன்னிரண்டு மணிக்கே கடையை மூடிவிட்டு வந்தார் அசோக்குமார். கிருத்திகை நேரத்தில் இப்படி அவர் வந்ததே இல்லை. முகம் கழுவி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

“இன்னா, எங்க கெளம்பற?” என்று கேட்டாள் நிர்மலா.

“உன்ன உட்டுட்டு வரத்தான். ரெண்டு மணி வண்டியப் புடிக்கலாம்.”

“சௌமி ராத்திரிக்குத்தான் சென்ட்ரலுக்கு வர்றேன்னா. அதுக்குள்ள போயி இன்னா பண்றது?”

அசோக்குமார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார். “தீவுத்திடல்ல பொருட்காட்சி போட்டுகிறானாம். ஒரு வாட்டி சுத்திட்டுப் போலாம்.”

பொருட்காட்சிக்குப் போய் எத்தனை வருஷம்! நிர்மலாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. பொங்கிய வேகத்திலேயே கோபமும் வந்தது. அனுப்புகிறதுதான் அனுப்புகிறார், அதற்கு ஒரு கொண்டாட்டம் வேறா?

“எனக்கு இன்னா சின்ன வயசா, ராட்டினம் சுத்த?” என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. கை அதற்குள் பையைத் திறந்து, சாதா சேலையை உள்ளே தள்ளிவிட்டு மாம்பழக் கலர் சேலையை வெளியே எடுத்தது.

★

அரக்கோணத்தில் ஃபக்ருதீன் ஏறினார். அங்கே மெக்கானிக் கடை வைத்திருப்பவர், அசோக்குமாரின் முப்பது வருஷச் சினேகிதர். ஆவடியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். வந்தவர் அசோக்குமாருக்கு இடப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். உடனே என்ன நினைத்தாரோ, எழுந்து, வலப்பக்கத்துக்காரரை நகரச் சொல்லி அங்கே போய் இடம் பிடித்துக்கொண்டார். எதிர் சீட்டில் இருந்த நிர்மலாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

“இன்னா தங்கச்சி, பொண்ணு வூட்டோட போறியாமே?”

“ஒரு வருஷத்துக்குண்ணா.”

“அப்ப இவன் தனியா இன்னா பண்ணுவான்?”

“அத்த அவரத்தான் கேக்கணும்.”

ஃபக்ருதீன் சினேகிதரைத் திரும்பிப் பார்த்தார். “தங்கச்சி கிட்ட சொன்னியா அசோக்கு?”

“கம்முனு இருடா” என்றார் அசோக்குமார். அதோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க நிர்மலா வாயெடுத்தாள். அதற்குள் மணவூர் வந்து, ஒரு கல்யாணக் கோஷ்டி தட்டும் தாம்பாளமுமாக ஏறி, பேச்சு சிதறிவிட்டது. கூட்டம் அமர்ந்ததும் ஃபக்ருதீன் வேறு பேச்சை எடுத்தார்.

“பழைய சனிக்கிழமை வண்டி ஞாபகம் வர்து தங்கச்சி. கடைசி ரீலு பாக்காத கும்பல் நாமெல்லாம்.”

நிர்மலா சிரித்துவிட்டாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

★

அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும்.

நிர்மலா ஆந்திர எல்லையிலுள்ள நகரிக்காரி. அசோக்குமாரின் தாய்மாமன் மகள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவருக்கு அவள் நிர்மலா, அவளுக்கு அவர் பாவா, அதாவது தெலுங்கில் அத்தான். தாலி கட்டிய மறுநாள் முதல் அவர் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டார். ‘ஏம்மே’, ‘இந்தாம்மே’ என்றாகிவிட்டது. பத்துப் பேர் இருந்த வீடு, இரண்டே அறை. புதுப் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை அவர் பாரிமுனைக்குச் சரக்கு எடுக்கப் போவார். சாமி படங்கள், சட்டம் போட மரக்கட்டைகள். “டிசைன் பாக்க ஒரு ஆளு வேணும்” என்று நிர்மலாவையும் கூட்டிக்கொள்வார். டிசைனாவது, மண்ணாவது! மாமியார் பூவம்மாளுக்கு அது புரியாமல் இல்லை. ஒன்றும் கேட்காமல் இருவருக்கும் ராத்திரிச் சோற்றை எடுத்து மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். புண்ணியவதி.

ஐந்து மணிக்குள் சரக்கைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் விளக்கு ஏறும். பட்டணத்தில் அந்த விளக்கு ஏறுகிற நேரம் இருக்கிறதே, அதில்தான் அசோக்குமாரின் நாக்குக்குக் கட்டு அவிழும். “நிர்மலா, அங்க பாரு” என்பார். “நிர்மலா, கைய குடு, ரோடு தாண்டணும்” என்பார். ரோட்டைத் தாண்டிய பிறகும் கையை விட மாட்டார்.

கடற்கரை மணலில் காஸ் விளக்கு வெளிச்சத்தில் சுண்டல் சாப்பிடுவார்கள். பலூன் சுடுவதில் நிர்மலா சூரப்புலி. பத்துக்குப் பத்து சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுப்பாள், அசோக்குமார் பக்கத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம் “நம்ம சம்சாரம்தான்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். சில நாள் சௌகார்பேட்டை சந்துக்குள் நுழைந்து, வாயில் வைக்க முடியாத சூட்டில் ஜிலேபி. தை மாசி மாதமென்றால் பொருட்காட்சி. மற்ற நாளில் ஆறரை மணி சினிமா.

சினிமாவில்தான் ஒரு சங்கடம். அந்த நாளில் ஒன்பதரையோடு நம் பக்கத்துக்குக் கடைசி வண்டி. ஆகவே எட்டேமுக்கால் மணி அடித்ததும், கதாநாயகி கிணற்றடியில் நின்றாலும் சரி, வில்லன் கத்தியை ஓங்கினாலும் சரி, எழுந்துவிட வேண்டும். கொட்டகை இருட்டில் அங்கங்கே நாற்பது ஐம்பது பேர் எழுந்திருப்பார்கள். அத்தனை பேரும் அரக்கோணம் லைன்காரர்கள்.

படத்தின் முடிவு ரயிலில்தான் நடக்கும். பெட்டியில் உட்கார்ந்து ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். ஃபக்ருதீன் முடிவில் கட்டாயம் போலீஸ் வரும். அசோக்குமாரின் முடிவில் ஒருத்தரும் சாக மாட்டார்கள், பிரிய மாட்டார்கள். நிர்மலா அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு அந்த முடிவையே நம்புவாள். இன்றைக்கும் டி.வி.யில் அந்தப் படங்கள் வந்தால் கடைசி அரைமணி நேரம் அவள் பார்ப்பதில்லை.

திருத்தணியில் இறங்கும்போது அவர் மறுபடி பழைய ஆளாகிவிடுவார். “ஏம்மே, பைய எடு.”

இவ்வளவுதான் விஷயம். ஆனாலும் அந்த மாதத்துக்கு ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு பாக்கி இருபத்தொன்பது நாளை நிர்மலா ஓட்டியிருக்கிறாள். சௌமியா பிறந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

★

பொருட்காட்சி மாறித்தான் போயிருந்தது. வாசலில் டிக்கெட்டை போனில் காட்டச் சொன்னார்கள். தலையை ஆட்டும் டைனோசர் ஒன்று நின்றது. அதன் வாய்க்குள் தலையைக் கொடுத்து ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இருட்டத் தொடங்கி, ஒரே சமயத்தில் சீரியல் விளக்கெல்லாம் எரிந்தபோது நிர்மலா அந்த நாளில் போலவே நடையை எட்டிப் போட்டாள். டெல்லி அப்பளத்தின் வாசனையும் கொஞ்சங்கூட மாறவில்லை.

முறம் அளவு அப்பளத்தை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மிளகாய்ப் பொடி அவர் மீசையில் ஒட்டியிருந்தது. நிர்மலா துடைத்துவிட்டாள். சுற்றி ஆயிரம் பேர் இருந்தார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை.

பலூன் கடையில் பத்துக்கு எட்டு விழுந்தது.

“கண்ணாடி போட்டுகினு சுட்டதால ரெண்டு போச்சு” என்றாள்.

“எட்டே ஜாஸ்தி நிர்மலா” என்றார் அசோக்குமார்.

பெயர் சொல்லிவிட்டார்! நிர்மலாவுக்குக் கண் கலங்கியது. இப்போது கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மகள் கையில் ஒப்படைத்துவிட்டு இவர் வண்டியேறிவிட்டால் அப்புறம் எங்கே கேட்பது? அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ராட்சச ராட்டினத்தில் ஏறினாள். அவர் வலது கோடியில் உட்கார்ந்தார், அவள் இடப்பக்கம்.

ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்று நின்று சுற்றியது. இவர்கள் தொட்டி உச்சிக்குப் போனதும் நின்றது. கீழே சத்தமெல்லாம் அமுங்கி, கடல்காற்று விர்ரென்று காதில் அடித்தது. ஒரு பக்கம் சென்ட்ரல் கோபுரம், இன்னொரு பக்கம் துறைமுகத்து விளக்குகள், அதற்கப்பால் கரேலென்று கடல்.

“பாவா, ஒண்ணு கேக்குறேன். மெய்யா சொல்லணும்.”

“ஆங்.”

“நான் போறது உனக்கு சந்தோசமா?”

அசோக்குமார் கப்பல் விளக்கைப் பார்த்தபடி புன்னகை செய்தார். “ஆங்” என்றார்.

நிர்மலாவுக்கு அங்கேயிருந்து குதித்துவிடலாம் போல் இருந்தது. முப்பத்தொரு வருஷம்! சந்தோஷமாம், சிரிப்பு வேறு!

“நான் போயி செத்தாலும் உனக்கு ஒண்ணியும் இல்ல, அப்டித்தான?”

“ஆங், ஆங்.” தலையையும் ஆட்டினார். சிரிப்பு அப்படியே இருந்தது.

அந்தச் சிரிப்புதான் அவளை நிறுத்தியது. இவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒரு பூனைக்குட்டி செத்ததற்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்த மனுஷன், இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சிரிப்பார்? நிர்மலா அவர் முகத்தையே பார்த்தாள். குரலை ஏற்றாமல், இறக்காமல் சொன்னாள்.

“பாவா, நம்ம கடை தீப்புடிச்சிகிச்சாம்.”

“ஆங்.”

“உன் வேட்டி காத்துல பறந்து போவுது.”

“ஆங். காத்து நல்லா வர்து” என்றார் அசோக்குமார்.

நிர்மலா எட்டி, அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வலது காதில் வாயை வைத்தாள்.

“பாவா, உனக்கு அந்தாண்ட காது கேக்கலியா?”

ராட்டினம் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. அவர் பதில் சொல்வதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது.

“கொஞ்ச நாளாத்தான்” என்றார்.

“எத்தினி நாளா?”

“ஆடிக் கிருத்திகைலேந்து. மொதல்ல குய்யுனு ஒரு சத்தம். அப்பால கொஞ்சங் கொஞ்சமா... இந்தக் காது நல்லாத்தான் கேக்குது.”

ஆறு மாதம். டி.வி. சத்தத்துக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறாள்! கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் என்று எத்தனை நாள் முறைத்திருக்கிறாள்! ஃபக்ருதீன் எதற்கு இடம் மாறி உட்கார்ந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது.

“ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?”

“ஃபக்ருதீனுக்கு மட்டும்தான். அவன்தான் அரக்கோணத்துல டாக்டர் கிட்ட இஸ்துகினு போனான்.”

“டாக்டர் இன்னா சொன்னாரு?”

“அத்த அப்பால சொல்றேன்.”

“என் கிட்ட ஏன் சொல்லல?”

“நீதான் போறன்னு முடிவு பண்ணிட்டியே. போறவள எதுக்குப் பயம் காட்டி நிறுத்தணும்?”

“நான் முடிவு பண்ணேனா? உன்னக் கேட்டனே! கடைல வந்து கேட்டேன். ஒரு வருஷம் இருந்துட்டு வரட்டுமான்னு கேட்டேன். நீ ஆங்ன்ன!”

அசோக்குமார் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். “எப்ப?”

“மூணு வாரம் ஆவுது. கண்ணாடி அறுத்துகினு இருந்த.”

அவருக்கு நினைவு வந்துவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார். “அய்யோ, அது ‘இன்னா’ன்னு கேட்டேன்மே! நீ என்னமோ சொல்ற மாதிரி இருந்துச்சு, ஒண்ணியும் விளங்கல. திரும்பச் சொல்லுவன்னு பாத்தேன். அறுத்து முடிச்சிட்டுத் திரும்பினா ஆளக் காணோம். அன்னிக்கு ராத்திரி மாப்ள போன் பண்ணி, அத்தை வர்றாங்க மாமா, ரொம்ப சந்தோசம்னாரு. எனக்கு அப்பத்தான் தெரியும். என்ன ஒரு வார்த்தை கேக்கலியே, என் கூட இருந்தது போதும்னு தோணிடுச்சி போலன்னு...”

நிர்மலா அழுதாள். அவரும் அழுதார். கீழே ராட்டினக்காரன் இறங்கச் சொல்லிக் கம்பியைத் தட்டினான். “இன்னொரு ரவுண்டு ஓட்டுப்பா” என்றாள் நிர்மலா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது சுற்றில், உச்சியில், அவள் கேட்காமலே அவர் சொன்னார்.

“எனக்கு உன்ன அனுப்ப இஷ்டமில்ல நிர்மலா. கடைலேந்து வந்து கதவத் தெறந்தா நீ இருக்கணும். சத்தமா எதுனா திட்டிகினு இருக்கணும். ஒரு காது போச்சு. இருக்குற காதுலயும் உன் சத்தம் கேக்கலன்னா எனக்கு வூடே வேணாம்.”

மூன்று வாரமாக எந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாளோ அது வந்துவிட்டது. கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது. ஆனால் தரையில் கால் வைத்த மறுகணமே அவளுக்கு மகளின் முகம் ஞாபகம் வந்தது. மணி எட்டரை. சௌமியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்நேரம் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பாள்.

★

சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் ஸ்டேஷனில் திருத்தணி வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் சௌமியா தோளில் தூங்கும் குழந்தையோடு காத்திருந்தாள். வளவன் வெளியே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?” என்றாள் சௌமியா. பதிலுக்குக் காத்திராமல் அப்பாவைப் பார்த்தாள். “நைனா, உன் பை எங்க?”

“எனக்கு எதுக்கும்மா பை?”

“நீயும்தான வர்ற? அம்மா வர்றேன்னு சொன்ன மறுநாளே உனக்கு போன் பண்ணேன். பக்கத்துக் கடை வேணு மாமா நம்ம கடையப் பாத்துக்கட்டும், நீயும் வந்து எங்க கூட இருந்துடு நைனான்னேன். ஆங்ன்ன! இன்னிக்கே வர்றேன்னு நெனச்சி புதுக் கட்டில் வாங்கிப் போட்டுகிறோம்.”

நிர்மலாவும் அசோக்குமாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கை வேலையாக இருந்தால் அசோக்குமார் போனை இடது தோளில் இடுக்கிக்கொள்வது வழக்கம். இடது காதில் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். நிர்மலாவுக்கு இந்தத் தடவை சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். காதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

சௌமியா ஒரு கையால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கிட்டயும் சொல்லலையே நைனா. இங்க எத்தினி டாக்டர் இருக்காங்க!”

“கிருத்திகை போவட்டும்மா. நூத்தம்பது படம் பாக்கி கெடக்குது. நான் இப்ப போயே ஆவணும்.”

“அப்ப அம்மா?”

குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. நிர்மலா அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அது வசதியாகக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனது. அந்தக் கனம் நிர்மலாவுக்கு எவ்வளவு பிடித்திருந்தது!

“நான் வேலைய உட்டுடறேம்மா” என்றாள் சௌமியா. சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. “நைனாவ இப்படி உட்டுட்டு நீ எப்படி வருவ? புரியுது. ஒரு வருஷம் கழிச்சு வேற வேல தேடிக்கறேன்.”

“அடி செருப்பால. எத்தினி படிச்சி வாங்கின வேல, உடறதாம்!”

“பின்ன நீ எங்க இருப்ப? இங்கயா, அங்கயா?”

வண்டி கிளம்பப் போவதாக அறிவிப்பு வந்தது. நிர்மலா பிளாட்பாரத்தைப் பார்த்தாள். தோளில் பையும் கையில் டிபன் டப்பாவுமாகப் பெண்கள் ஓடி வந்து மகளிர் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடைப் பெண்கள், ஆஸ்பத்திரிப் பெண்கள். அவள் வயதுக்காரிகளும் இருந்தார்கள். விடிந்தும் விடியாமல் அரக்கோணத்திலும் மணவூரிலும் ஏறி வந்து, வேலை முடித்து, இப்போது வீட்டுக்குப் போகிறவர்கள். முப்பது வருஷமாக இந்த வண்டியில் போய் வருகிறாள், அவர்களை இன்றுதான் பார்ப்பது போல் பார்த்தாள்.

குழந்தையின் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்து மகளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“சௌமி, உன் வூட்லேந்து வில்லிவாக்கம் ஸ்டேஷன் எத்தினி நிமிஷம்?”

“நடந்தா அஞ்சு நிமிஷம். ஏம்மா?”

“மாப்ள சாயங்காலம் எத்தினி மணிக்கு வருவாரு?”

“ஆறு மணிக்குள்ள வந்துடுவாரு. எதுக்குக் கேக்கற?”

“திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு உன் வூட்ல இருப்பேன். மாப்ள வந்ததும் கெளம்பிடுவேன். ராத்திரி சோறு எங்க வூட்ல, பாவாவோட. சனி ஞாயிறு லீவு.”

“தெனமுமா? திருத்தணிலேந்தா? ஒரு வாரம் தாங்க மாட்டம்மா நீ!”

“ஒரு வாரம் பாக்கலாம். தாங்கலன்னா அப்பால யோசிக்கலாம்.”

“உன் புடவையெல்லாம் எங்க வூட்ல இருக்கே!”

“இருக்கட்டும். அங்க ஒரு வூடு, இங்க ஒரு வூடு. எனக்கு இன்னா கொறச்சல்?”

வண்டி ஊதியது. அசோக்குமார் நடந்தது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். நிர்மலா அவரை உள்ளே தள்ளிவிட்டுத் தானும் ஏறினாள். மகள் பிளாட்பாரத்தில் அழுகையும் சிரிப்புமாகக் கையாட்டினாள். வண்டி நகர்ந்தது.

நிர்மலா அவருக்கு வலப்பக்கம் போய் நின்றுகொண்டாள். பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.

“பாவா, எனக்கு ஒரு சீசன் டிக்கெட் எடு.”

அசோக்குமாருக்கு அது நன்றாகவே கேட்டது. இருந்தாலும் “இன்னா?” என்றார், அவள் வாயால் இன்னொரு தடவை கேட்கலாமே என்று.